விழாத ஆட்டுக்கடா

சாத்தாங்காட்டில் இரும்புத் தகடு வெட்டிக் கொடுப்பது என் தொழில். ஞாயிறுகளில் துப்பாக்கி சுடும் கிளப்புக்குப் போவேன். இரும்பில் வெட்டிய விலங்கு உருவங்களைச் சுட்டு விழவைப்பதுதான் அங்கே போட்டி.

திருவொற்றியூர் மீனவக் குடும்பத்துப் பெண் கலா, போட்டிக்கு எந்த பாயிண்ட் டூ டூ ரைஃபிளை எடுப்பது என்று என்னிடம் கேட்டாள். அவள் கைக்குப் பழகிய கிளப் ரைஃபிளால் சுட்டும் ஆட்டுக்கடா உருவம் மட்டும் விழவில்லை.

"இதை நம்பாதம்மா, புதுசை எடு" என்றேன்.

புதியதிலும் விழவில்லை. தோட்டாவை மாற்றினோம். அப்போதும் நின்றது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. கலாவுக்குத் தன் கைமேலேயே சந்தேகம் வந்துவிட்டது.

சுடுவதை நிறுத்திவிட்டு, கடாவின் அருகே போனவள் கூப்பிட்டாள்.

"ண்ணா, இங்க வந்து பாரு. குண்டெல்லாம் பட்டுக்கீது. இது மட்டும் ஏன் இம்மாம் கனமா கீது?"

தூக்கிப் பார்த்தேன். மற்ற உருவங்களைவிட இரு மடங்கு தடிமன். என் கடையில் மிஞ்சிய தகட்டில் நானே வெட்டிக் கொடுத்தது.

"நான் வெட்டுனதும்மா. தப்பு என்னுது."

கலா பழைய ரைஃபிளை எடுத்துக்கொண்டாள்.

மறுநாளே சரியான தகட்டில் வேறு கடா வெட்டிக் கொடுத்தேன். அது கலாவின் முதல் குண்டிலேயே விழுந்தது. அதற்குப் பிறகு அவள் என்னிடம் யோசனை கேட்டதில்லை. கோபமா, இனி தேவையில்லை என்பதா, எனக்கு இன்றுவரை தெரியவில்லை. கேட்கவும் துணிவில்லை.