கடல் காற்றாடிக்கு இடம் கேட்டார்கள், மச்சானுக்குத் தூக்கம் போனது

போன மாதம் ஒரு சனிக்கிழமை கடியப்பட்டணம் போய்வந்தேன். நம்ம ஜில்லாவுக்கு இனிமேல் கரண்டை எங்கிருந்து எடுக்கலாம் என்று அதிகாரிகள் ஊர்க்காரர்களிடமே கருத்துக் கேட்கும் கூட்டம். கடலுக்குள் காற்றாடி நடுவது அதில் ஒரு யோசனை. அங்கே கட்டிக்கொடுத்த என் தங்கச்சி ஸ்டெல்லா போன் போட்டு, "அண்ணே, இவரு உறங்கவே மாட்டேங்காரு, கொஞ்சம் வாங்க" என்றாள். துபாயில் பாதி ஊருக்கு வெளிச்சம் கொடுத்தவன் நான் (ஏணி பிடிப்பதும் அந்த வேலையில்தான் சேரும்). போகாமல் இருக்க முடியுமா?

தக்கலையில் காலை எட்டேகால் பஸ். திங்கள்சந்தையில் மாறி மணவாளக்குறிச்சி, அங்கிருந்து ஆட்டோவுக்கு நூறு ரூபாய். மொத்தம் பதினைந்து கிலோமீட்டர்தான். வளைவுகளை நிமிர்த்தினால் திருவனந்தபுரமே போய்விடலாம். ஆட்டோக்காரர் என்னைப் பெரிய எஞ்சினீயரா என்று கேட்டார். நான் மறுக்கவில்லை.

மச்சான் அருளப்பனின் கவலை இதுதான். கடலடியில் பாறைத் திட்டுகள் உண்டு, பார் என்பார்கள். மீன் அங்கேதான் கூடும். மலை முகட்டையும் கோயில் கோபுரத்தையும் ஒரே கோட்டில் வைத்துப் பார்த்து மச்சானின் அப்பா கண்டுபிடித்த பார் ஒன்று இருக்கிறது. வீட்டுக்கு வெளியே ஒருவருக்கும் தெரியாது. ஜி.பி.எஸ். வந்த பிறகும் இந்தக் கரையில் ஒவ்வொரு குடும்பமும் தன் பாரை அப்படித்தான் பொத்தி வைக்கும். இப்போது காற்றாடி வரப்போகிற இடம் சரியாக அதன் தலைமேல். சொன்னால் ஊரே அங்கே தூண்டில் போடும். சொல்லாவிட்டால் காங்கிரீட் இறங்கும்.

பத்தரைக்குச் சர்ச்சின் பங்கு மண்டபத்தில் கூட்டம். அதிகாரி அம்மா நல்ல பொறுமைசாலி. கடல் வரைபடத்தை மேசையில் விரித்து, விட்டுவைக்க வேண்டிய பார்களில் சிவப்புப் பொட்டு ஒட்டுங்கள் என்றார். ஒருவரும் எழும்பவில்லை. கடைசியில் சூசை என்பவர் போய் ஒன்று ஒட்டினார். அது அவருடைய பார் இல்லையாம், பக்கத்து வீட்டு லூர்துவுடையது. லூர்து சும்மா இருப்பாரா? ஆளாளுக்கு அடுத்தவன் பாரைக் காட்டிக்கொடுத்து, படத்துக்கு அம்மை போட்ட மாதிரி ஆகிவிட்டது. மச்சானின் பாரில் மட்டும் பொட்டு இல்லை. பாவம், அவ்வளவு நன்றாக ஒளித்திருக்கிறார்.

ஸ்டெல்லா அவர் காதில் ஏதோ சொன்னாள். அவர் என் பக்கம் திரும்பினார்.

"மச்சான், நீங்க போய் ஒட்டுங்க."

கரையில் நின்று மட்டுமே கடலைப் பார்த்தவன் நான் என்றேன்.

"அதுக்குத்தான். நீங்க சொன்னா இங்க ஒருத்தனும் நம்பமாட்டான்."

எந்த முகடு, எந்தக் கோபுரம், எவ்வளவு ஆழம் என்று காதோடு சொல்லி, இடத்தை என் உள்ளங்கையில் விரலால் வரைந்து காட்டினார். போய் ஒட்டினேன். வெறுமனே ஒட்டினால் சந்தேகம் வருமே என்று, நான் நீந்திப் போய்க் கண்டுபிடித்த பார், ஆனை பெரிதுக்குக் கலவா மீன் கிடக்கிறது என்று சேர்த்துச் சொன்னேன். மண்டபமே சிரித்தது.

"மக்கா, தக்கலை அண்ணாச்சி கடலுக்குள்ள தென்னையும் நட்டிருப்பாரு, பாத்துக்கிடுங்க" என்றார் லூர்து.

அதிகாரி அம்மா சிரிக்கவில்லை. எல்லாப் பொட்டையும் கடலில் போய்ச் சோதித்த பிறகுதான் முடிவு, உங்களுடையதையும் சேர்த்து, என்று குறித்துக்கொண்டார்.

இந்த மாதிரிக் கூட்டத்துக்குப் போகிறவர்கள் அரைமணி முன்னதாகப் போய் ஃபேனுக்கு நேரே இடம்பிடியுங்கள். மத்தியானம் கரையில் மீன் சாப்பிடாமல் திரும்பாதீர்கள். நமக்குக் கரண்டும் வேண்டும், மீனும் வேண்டும். கேட்கிறார்கள் என்றால் போய்ச் சொல்லிவிட வேண்டும்.

திரும்பும்போது லூர்து ஆட்டோவை மறித்து, அந்த ஆனை மீன் கிடக்கிற இடத்தை எனக்கு மட்டும் சொல்லும் என்று கண்ணடித்தார். எந்த முகடு, எந்தக் கோபுரம், எவ்வளவு ஆழம் என்று உள்ளது உள்ளபடி சொன்னேன். வழியனுப்ப ஆட்டோவில் கூட வந்த மச்சான் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். லூர்து என் முதுகில் ஒரு தட்டுத் தட்டி, விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டே போய்விட்டார்.