நூற்றெட்டு மட்டும் திறந்திருந்தது

சனிக்கிழமை சாயங்காலம் வாரச் சம்பளம் கைக்கு வந்ததும் பனியன் கம்பெனி ஆட்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் சொந்த ஊருக்குப் போன் போடுவார்கள். அந்த ஒரு மணி நேரம் எங்கள் பகுதி டவர் திணறிப்போகும். செல்போன் கம்பெனியில் அந்த நெரிசலுக்கு விதி எழுதுவது என் வேலை.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் ஒன்றில் ஒடிசாக்கார டெய்லர் ஒருவர் மனைவியோடு குடியிருந்தார். அந்தப் பெண்ணுக்கு நிறைமாதம். முதல் குழந்தை தங்கவில்லை. இந்த முறை வலி கண்டதும் கொஞ்சமும் தாமதிக்காமல் கிளம்பிவிட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"வலி வந்தா நூத்தெட்டுக்கு அடிச்சிருங்க தம்பி," என்றேன்.

"அங்க தமிள்ல கேப்பாங்கண்ணா. எனக்கு அட்ரஸ் சொல்ல வராது. சூப்பர்வைசருக்கு ஹிந்தி தெரியும். அவருக்கு அடிச்சா வண்டி எடுத்துட்டு வருவாரு."

என் காதாரக் கேட்டேன். சரி என்று தலையாட்டவும் செய்தேன்.

முந்தைய சனிக்கிழமை டவர் அடியோடு படுத்துவிட்டது. மேலதிகாரி என்னைக் காய்ச்சி எடுத்தார். அந்த எரிச்சலில் அடுத்த சனிக்கிழமை கோவை அலுவலகத்தில் உட்கார்ந்து விதியை இறுக்கினேன். பத்து அழைப்பில் எட்டைக் கிளம்பும்போதே தடுத்துவிடும். ஒருமுறை தடுத்த போனிலிருந்து பத்து நிமிடத்துக்கு எத்தனை முறை அடித்தாலும் போகாது. அவசர எண்களுக்கு மட்டும் தடையில்லை. பாதி தடுத்தாலே போதும் என்று ஜூனியர் ஒருத்தி சொன்னாள். "நூத்தெட்டு தொறந்துதானே இருக்குதுங்க, அப்பறம் என்ன?" என்று அவள் வாயை அடைத்தேன். நல்ல கெட்டிக்காரன் நான்.

ஆறு மணிக்குக் கூட்டம் ஏறியது. டவர் அசையவில்லை. தடுக்கப்பட்ட அழைப்புகளின் கோடு மட்டும் திரையில் செங்குத்தாக மேலே போய்க்கொண்டிருந்தது. டீ குடிக்கப் போனேன்.

அந்தப் பெண்ணுக்கு வலி வந்தது அந்த நேரத்தில்தான். லைன் வீட்டுக்காரர்கள் சந்தைக்குப் போயிருந்தார்கள். எங்கள் வீட்டாரும் காங்கேயத்தில் ஒரு சீர் விசேஷத்துக்குப் போய்விட்டார்கள். மனைவியைத் தனியாக விட்டுப் போகப் பயந்து அவர் சூப்பர்வைசருக்கே திரும்பத் திரும்ப அடித்திருக்கிறார். முக்கால் மணி நேரம் கழித்துத்தான் லைன் கிடைத்தது. வண்டி உடனே வந்துவிட்டது. தாய் பிழைத்தாள். குழந்தை பிழைக்கவில்லை.

அலுவலகத்தில் அந்த விதியைப் பாராட்டினார்கள். மற்ற டவர்களுக்கும் போடச் சொன்னார்கள். பாதி அழைப்பை மட்டும் தடுக்கும்படி குறைத்துத்தான் போட்டேன். காரணத்தை யாரிடமும் சொல்லவில்லை.

நான்காம் நாள் அவர் என்னைத் தேடி வந்தார். கண்கள் வீங்கியிருந்தன. செல்போன் வேலை பார்ப்பவன் என்பதால் தன் போனை என்னிடம் நீட்டினார்.

"அன்னிக்கு இந்தப் போன்தாண்ணா போகல. கராப் ஆயிடுச்சு போல. கொஞ்சம் பாத்துக் குடுங்க."

வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். புதுப் போன். ஒரு குறையும் இல்லை.

"ஆமாங்க தம்பி," என்றேன். "போன்தான் சரியில்ல."