ஓரகத்தியும் மற்ற உறவினரும்

எங்கள் திமோக் ஆற்றோரத்து ஊரில் யாராவது இறந்தால், கறுப்புக் கட்டம் போட்ட அறிவிப்பை மின்கம்பத்தில் ஒட்டுவார்கள். மேலே படம். கீழே துக்கப்படுகிறவர்கள் முறை சொல்லி வருவார்கள்: மகன், மருமகள், பேரன், ஓரகத்தி. மிச்சப் பேரையெல்லாம் கடைசி வரியில் 'மற்ற உறவினர்' என்று சேர்த்துக் கட்டிவிடுவார்கள்.

ராதுங்கா இறந்த மறுநாள், ரொட்டி வாங்கப் போன வழியில் நானும் ஸ்தோயாங்காவும் அதைப் பார்த்தோம். இருவரும் ஓரகத்திகள்: ராதுங்கா அண்ணன் மனைவி, ஸ்தோயாங்கா தம்பி மனைவி. ஒரே முற்றம், ஒரே அடுப்பு, ஒரே மாமியார். புருஷன்மார் இருவரும் போய்ச் சேர்ந்த பிறகு ராதுங்கா படுத்த படுக்கையானாள். ஏழெட்டு வருஷம் அவளைப் புரட்டிப் படுக்கவைத்து, பீ மூத்திரம் அள்ளி, சூப் ஊட்டியவள் பிள்ளையில்லாத இந்த ஸ்தோயாங்காதான். நன்றியாவது ஒன்றாவது! அவள் கரண்டியைத் தட்டிவிடுவாள், இவள் திட்டுவாள். சத்தம் பக்கத்து வீட்டில் இருக்கும் என்னைத் தூங்கவிடாது.

அறிவிப்பில் மகன் ஸ்லாவிஷா, மருமகள், பேரப்பிள்ளைகள், மற்ற உறவினர். அவ்வளவுதான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஸ்தோயாங்கா இரண்டு தடவை படித்துவிட்டு, ரொட்டிப் பையைக் கை மாற்றிக்கொண்டு நடந்தாள்.

ஸ்லாவிஷா வியன்னாவிலிருந்து வந்திருந்தான். நான் விடவில்லை. "உங்க சித்தி பேரு எங்கடா?"

"போன்லயே சொல்லி அடிக்க வச்சது. சித்தியும் உறவுதானே? அதுக்குள்ள வந்துட்டாங்க."

"வந்துட்டேன்பா" என்றாள் ஸ்தோயாங்கா, சாவு வீட்டுக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கும் இனிப்புக் கோதுமையைக் கிளறியபடி. "வருஷத்துக்கு ஒருக்கா வந்து பன்னிக்கறி தின்னுட்டுப் போற உங்க மாமன் பசங்களும் அதுக்குள்ளதான் இருக்காங்க. எடம் தாராளமா இருக்கு."

அவன் முகம் சிவந்தது. "மாத்தி அடிக்கச் சொல்றேன் சித்தி."

"வேணாம். என்னைக் கொஞ்சம் உக்கார விடு, போதும்."

ஓரகத்தி உறவுக்காரிதான், யார் இல்லை என்றது? ஆனால் உறவுக்காரி சாப்பிட்டு முடித்ததும் தன் வீட்டுக்குப் போகலாம். ஓரகத்திக்குப் போக வேறு வீடு கிடையாது. இது அந்தத் தடியனுக்குப் புரியவில்லை.

வீட்டு மனுஷி ஒரு வருஷம் தலையில் கறுப்புத் துணி கட்டுவாள். தூரத்து உறவுக்கு நாற்பது நாள் போதும். நாற்பதாம் நாள் கல்லறையில் படைத்து முடித்ததும், எல்லோரும் பார்க்க ஸ்தோயாங்கா துணியை அவிழ்த்து மடித்தாள்.

"என்னடீ இது?" என்றேன்.

"மத்த உறவினர்தானே நான்? என் பங்கு முடிஞ்சுது."

படையலுக்காக மறுபடி வந்திருந்த ஸ்லாவிஷா தலை குனிந்து நின்றான். அன்று மாலையே வியன்னாவுக்குக் கிளம்பிவிட்டான். எனக்கு உள்ளூரச் சந்தோஷம்தான்.

மறுநாள் வேலிக்கு அந்தப் பக்கம் கோழிக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தாள். தலையில் கறுப்புத் துணி.

"மறுபடியும் எதுக்குடீ? இந்த வெயில்ல!"

அவள் அலுப்போடு முடிச்சை இறுக்கினாள்.

"உறவுக்காரங்க எல்லாம் போயிட்டாங்க. அவளுக்கு ஓரகத்தின்னு நான் ஒருத்திதான்டீ இருக்கேன். நானும் கழட்டிட்டா வேற யாரு கட்டுவா?"