வகுப்பு நடுவே தூங்கிப்போன லேப்டாப்

கொரோனா ஊரடங்கு தளர்ந்திருந்த சமயம். பட்டுக்கோட்டையில் மாமியார் வீட்டில் இருந்தேன்; கணவர் துபாயில். கணிதம் படித்துவிட்டு வீட்டோடு இருந்த எனக்கு, வளைகுடாவில் வளரும் நம்மூர்ப் பிள்ளைகளுக்கு ஆன்லைனில் பாடம் எடுக்கும் வாய்ப்பு வந்தது. மாதிரி வகுப்புகள் சரியாக நடந்தால்தான் வேலை.

முதல் வகுப்பில் பின்னம் நடத்திக்கொண்டிருக்கும்போதே திரை பட்டென்று இருண்டது. லேப்டாப் தூங்கிவிட்டது. எழுப்பினால் எழும், கொஞ்ச நேரத்தில் மறுபடி தூங்கும். இரண்டாவது வகுப்பிலும் இதே கூத்து. இன்னொரு தடவை இப்படி ஆனால் வேறு ஆள் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்கள்.

முதல் வகுப்பு முடிந்ததுமே, சும்மா இருந்தால் தானாகத் தூங்கும் செட்டிங்ஸ் எல்லாவற்றையும் நிறுத்தியிருந்தேன். சார்ஜரை மாற்றினேன். சூடாகிறதோ என்று பக்கத்தில் ஃபேன் வைத்தேன். ம்ஹும், இரண்டாவது வகுப்பிலும் தூங்கத்தானே செய்தது. கடையில் கொடுத்தால், அங்கே நாள் முழுக்கச் சமர்த்தாக ஓடியிருக்கிறது!

“லேப்டாப் நல்லாத்தான் இருக்குக்கா. நீங்கதான் தெரியாம எதையாச்சும் அமுக்குறீங்க” என்றார் கடைக்காரர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வீட்டில் மாமி, “நமக்கு இதெல்லாம் சரிப்படாதும்மா” என்றார். போனில் கணவர், “எதுக்கு இந்தத் தலைவலி? வித்துடு. நான்தான் சம்பாதிக்கிறேன்ல?” என்றார். அன்பாகத்தான் சொன்னார். அதுதான் கூடுதல் எரிச்சல். முடியாது என்று போனை வைத்துவிட்டேன்.

கடையில் தூங்கவில்லை. வீட்டில் நைட்டியோடு உட்கார்ந்து சோதித்தபோதும் தூங்கவில்லை. வகுப்பில் மட்டும் என்ன வந்தது? சரி, வகுப்பையே நடத்திப் பார்ப்போம் என்று வகுப்புக்குப் போடுவதுபோலவே அபாயா அங்கி போட்டு, ஸ்கார்ஃப் சுற்றி, எதிரே ஒரு பிள்ளைகூட இல்லாமல் சத்தமாகப் பின்னம் நடத்தினேன். மாமி எட்டிப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டு போனார். இடது கையை கீபோர்டு ஓரத்தில் ஊன்றினேன். திரை இருண்டது.

கையைப் பார்த்தேன். அபாயாவின் அகலமான கைத்துணி விரல்மேல் சரியாமல் இருக்க, மணிக்கட்டில் மடித்து, ஸ்கார்ஃபுக்குப் போடும் காந்த ‘பின்’ ஒன்றை மாட்டியிருந்தேன். துணி கிழியாது என்று கணவர் துபாயிலிருந்து அனுப்பியது. அதைக் கழற்றி, லேப்டாப்பை எழுப்பி, அதே ஓரத்தில் வைத்தேன். மறுபடி தூங்கியது. மூடியை மூடும்போது அதிலுள்ள காந்தத்தை உணர்ந்துதான் லேப்டாப் தூங்குமாம். என் ‘பின்’னையும் மூடி என்றே நினைத்திருக்கிறது.

அபாயாவின் கையில் நாலு தையல் போட்டுக்கொண்டு கடைசி மாதிரி வகுப்பில் உட்கார்ந்தேன். முழு நேரமும் திரை விழித்தே இருந்தது. வேலை கிடைத்தது.

சாயங்காலம் கணவர் கேட்டார், “லேப்டாப்ப யாரு சரி பண்ணிக் குடுத்தா?”

“நான்தான் மச்சான்.”

வேலை கிடைத்த சந்தோஷம் சீக்கிரமே பழகிப்போனது; ஆனால் இந்தக் கதையை யாரிடம் சொன்னாலும் அந்த ‘நான்தான்’ வரும்போது என் குரல் தானாகவே உயர்ந்துவிடுகிறது, உயரட்டும் என்றே விட்டுவிடுகிறேன்.