கழுகு முத்திரை போட்ட துப்பாக்கி

என் தங்கையோடு ஒரே சுகாதார நிலையத்தில் வேலை பார்க்கும் செவிலியர் அவர். பேரையூர்ப் பக்கம் வீடு. கணவர் இறந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஒருநாள் காலையில் எனக்குப் போன் செய்தார். குரல் தணிந்திருந்தது.

"அண்ணே, வீட்டை இடிக்கலாம்னு சாமானெல்லாம் ஒதுக்குனோம். பழைய டிரங்குப் பெட்டியில ஒரு துப்பாக்கி இருக்கு. எங்க வீட்டுக்காரரோட தாத்தா பட்டாளத்துல இருந்து கொண்டாந்ததாம். நீங்க ஒரு எட்டு வந்து பாத்துச் சொல்ல முடியுமா?"

நான் ராணுவத்தில் ஆர்மரராக இருந்தவன். துப்பாக்கிகளைப் பழுது பார்ப்பதும் சோதிப்பதும்தான் என் வேலை. ஓய்வு பெற்று ஆனையூரில் வீடு கட்டி உட்கார்ந்த பிறகும், தெரிந்தவர்கள் உரிமம் உள்ள துப்பாக்கியைக் காட்டி யோசனை கேட்பதுண்டு. இது அப்படியல்ல. உரிமம் இல்லாத துப்பாக்கி. தொட்டால் என் கைரேகையும் அதில் விழும்.

"யாரும் தொடாதீங்கம்மா. நான் வாரேன்" என்று சொல்லிவிட்டேன். "பென்ஷன் வாங்குற வயசுல கோர்ட்டுக்கு அலையணுமா?" என்றாள் என் மனைவி. ஆனாலும் பஸ் ஏறினேன். டி. கல்லுப்பட்டி தாண்டும்வரை, திரும்பிவிடலாமா என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

வீட்டில் செவிலியரும், அவருடைய கொழுந்தனும், ஊரிலிருந்து வந்திருந்த மகளும் இருந்தார்கள். மகள் அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கூடத்துக் கட்டிலில் ராணுவக் கம்பளியை விரித்து, அதன்மேல் துப்பாக்கியைக் கிடத்தியிருந்தார்கள். குழலின் வாய் நேராக அடுப்படியைப் பார்த்தது.

பார்த்ததுமே தெரிந்துவிட்டது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் சிப்பாய்கள் வைத்திருந்த, போல்ட் என்ற இரும்புத் தண்டை இழுத்துத் தோட்டா ஏற்றும் துப்பாக்கி. இத்தாலியிலோ ஆப்பிரிக்காவிலோ சண்டை போட்ட நம்மாட்கள் சிலர் இப்படிக் கொண்டுவந்தது உண்டு. இரும்பில் சிறிய கழுகு முத்திரை. அதன் காலடியில், தேய்ந்தும் தேயாமலும் நாஜிகளின் ஸ்வஸ்திகா. எத்தனையோ துப்பாக்கிகளைக் கையாண்டவன் நான். அந்த முத்திரையைப் பார்த்தபோது ஓரடி பின்வாங்கினேன்.

கொழுந்தனுக்கு அந்தப் பயமெல்லாம் இல்லை. "நெட்டுல பாத்தேண்ணே. எல்லாப் பாகத்துலயும் ஒரே நம்பர் இருந்தா நல்ல வெல போகுமாம். வாங்குறதுக்கு ஆளும் சொல்லி வச்சிருக்கேன். அசலான்னு மட்டும் சொல்லிருங்க."

கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தேன். குழல் தொடங்கும் இடத்தில் இருந்த எண்ணும் போல்ட்டில் இருந்த எண்ணும் ஒன்றுதான். மரம்கூட மாற்றாத மரம். எண்ணெய்த் துணியில் சுற்றி வைத்ததால் துரு அதிகம் ஏறவில்லை. சேகரிப்பவர்கள் தேடி அலைகிற சரக்குதான். அதைச் சொல்ல வாய் திறந்தபோதுதான் போல்ட்டின் பின்பக்கம் கண்ணில் பட்டது.

அங்கே ஒரு இரும்புக் குமிழ் உண்டு. சுட்ட பிறகு உள்ளே அமுங்கிக் கிடக்கும். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் சுடத் தயாராக இருக்கிறது என்று அர்த்தம். அது நீட்டிக்கொண்டிருந்தது.

"யாராச்சும் இந்தப் போல்ட்ட இழுத்தீங்களா?"

"முயற்சி பண்ணேன், அசையல" என்றார் கொழுந்தன். "ட்ரிக்கரையும் அமுக்கிப் பாத்தேன், ஒண்ணும் ஆகல. இங்க பாருங்க." போனை நீட்டினார். படத்தில் அவர் துப்பாக்கியைத் தோளில் வைத்துக் குறி பார்க்கிறார். விரல் ட்ரிக்கரில். எதிரே நின்று படம் எடுத்தது அவர் மனைவியாம்.

அந்தப் படத்தில் பாதுகாப்பு நெம்புகோல் வலப்பக்கம் சாய்ந்து பூட்டிக் கிடந்தது. அதனால்தான் சுடவில்லை. கட்டிலைப் பார்த்தேன். நெம்புகோல் இப்போது நட்டக்குத்தலையும் தாண்டி இடப்பக்கம் சாயத் தொடங்கியிருந்தது. முழுக்கச் சாய்ந்தால் பூட்டு விட்டுவிடும்.

"அதுவா? தேங்காயெண்ணெ விட்டேன். கொஞ்சம் இளகிருச்சு" என்றார்.

பணியில் இருந்தபோது, காலி என்று நினைத்த துப்பாக்கி ஒருவன் கையைச் சிதைத்ததைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். அவன் அலறவில்லை. ஆச்சரியமாகத் தன் கையைப் பார்த்தான். அந்த முகம் நினைவுக்கு வந்தது.

"அம்மா, மகளக் கூட்டிக்கிட்டு வெளிய போங்க. ஸ்டேஷனுக்குப் போன் போடுங்க. உள்ள தோட்டா இருக்கும்போலத் தெரியுது."

போலீஸ் என்றதும் கொழுந்தன் எழுந்துவிட்டார். "போலீஸ்ல சொன்னா பொருள் போயிரும் மதினி. நான் தோட்டத்துல கொண்டுபோய் வச்சுக்கிறேன்." சொல்லும்போதே குழலைப் பிடித்துத் தூக்கிவிட்டார். நான் "வேணாம்!" என்று கத்தினேன். கால் மட்டும் நகரவில்லை.

செவிலியர் நகர்ந்தார். குழலுக்கும் அடுப்படி வாசலுக்கும் நடுவே போய் நின்றார். ஊசி போடப் பயப்படும் பிள்ளையிடம் பேசுகிற குரலில், "தம்பி, உள்ள எம்மக இருக்கா. மெதுவா வைங்க" என்றார்.

கொழுந்தன் குழல் பார்க்கும் திசையை அப்போதுதான் கவனித்தார். முகம் வெளுத்தது. இரண்டு கைகளாலும் ஏந்தி, தூங்கும் குழந்தையைக் கிடத்துவதுபோல் கிடத்தினார். அப்புறம் சுவரோரம் குந்திவிட்டார்.

இன்ஸ்பெக்டர் வந்தார். என் முன்னாள் ராணுவத்தினர் அடையாள அட்டையைக் காட்டினேன். மதுரையிலிருந்து வெடிபொருள் நிபுணர் வரத் தாமதமாகும் என்றார். "நீங்களே எடுத்துருவீங்களா சார்? பொறுப்பு நான் ஏத்துக்கிறேன்" என்றார். மாட்டேன் என்று சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் தெருவில் கூட்டம் சேர்ந்துகொண்டிருந்தது.

வீடு கட்டக் கொல்லையில் கொட்டியிருந்த மணல் குவியலை நோக்கித் துப்பாக்கியைப் பிடித்தேன். நெம்புகோலை நிமிர்த்தினேன். போல்ட்டின் பிடி மேலே வர மறுத்தது. உள்ளங்கையால் தட்டினேன். ஒவ்வொரு தட்டுக்கும் கண்ணை மூடிக்கொண்டேன். கடைசியில் முனகிக்கொண்டே திறந்தது. பச்சைக் களிம்பு பிடித்த தோட்டா ஒன்று மணலில் விழுந்தது. வேறு தோட்டா இல்லை.

அதைப் பார்த்தபோதுதான் உண்மையான பயம் வந்தது. தோட்டாவின் அடியில், நடுவில், ஒரு பள்ளம். ஊசி குத்திய பள்ளம். யாரோ எப்போதோ ட்ரிக்கரை இழுத்திருக்கிறார்கள், தோட்டா வெடிக்கவில்லை. இந்த வகையில் பிடியைத் தூக்கி இறக்கினாலே ஊசி மறுபடி தயாராகிவிடும். அப்படித் தயாராக்கிப் பூட்டி வைத்திருக்கிறார்கள்.

செவிலியரிடம் மறைக்க முடியவில்லை. சொன்னேன். குனிந்து அந்தத் தோட்டாவைப் பார்த்தார்.

"தாத்தா பண்ணையில கூலி வேல பாத்தவரு. பட்டாளத்துல இருந்து வந்தப்புறம் எங்க தெருவுக்குள்ள வந்து பண்ணை வீட்டுக்காரக யாரும் கை ஓங்கலையாம். துப்பாக்கி சும்மா இருந்துச்சு, ஒருநாளும் சுட்டதில்லன்னுதான் சொல்லுவாக." கொஞ்சம் நிறுத்தி, "யார நோக்கிண்ணே பிடிச்சிருப்பாரு?" என்றார்.

மணலில் கிடந்த தோட்டாவை இன்ஸ்பெக்டர் உறையில் போட்டு எடுத்துக்கொண்டார். துப்பாக்கி ஜீப்பில் போனது. தாமாக முன்வந்து ஒப்படைத்தார்கள் என்று எழுதியதால் வழக்கு பெரிதாகவில்லை. என்னைச் சாட்சியாக ஒருமுறை கூப்பிட்டார்கள், அவ்வளவுதான். கொழுந்தன் கொஞ்ச நாள் அண்ணி வீட்டுப் பக்கம் வரவில்லை. வீட்டுக்குக் கடைக்கால் போட்ட அன்று அவராகவே வந்து நின்றாராம்.

செவிலியர் போன வாரம் பேசினார். தாத்தா வேலை பார்த்த பண்ணை வீட்டுப் பெரியவர் ஒருவர் ரத்த அழுத்தம் பார்க்க வந்தாராம். மாதாமாதம் வருகிறவர்தான். அந்தப் பெரியவருக்குச் செவிலியர்மேல் மரியாதை உண்டு.

"சட்டக் கைய மடிச்சுவிட்டு எம்முன்னாடி உக்காந்தாருண்ணே. தாத்தா குறி வச்சது இவரோட அப்பாவையா இருக்குமோன்னு திடுக்குன்னு ஒரு நெனப்பு. கருவியில எம்புட்டு காட்டுதுன்னே தெரியல. மறுபடி பாத்தேன்."

"அவரு என்ன சொன்னாரு?"

"'ஏன்மா, ரொம்ப கூடியிருக்கோ'ன்னு கேட்டாரு. அவரும் பயந்துட்டாரு."