கதவைச் சாத்திய ஜெபம்

எண்பதுகளில், எங்கள் ஊரான சாரத்தில் வெள்ளிக்கிழமைதோறும் ஒரு வீட்டில் பெண்கள் கூடி ஜெபிப்போம். அப்போது என் மகளுக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தோம். சிறு வயதில் அவளுக்கு வலிப்பு வந்ததைத் தோழி விர்ஜினியிடம் மட்டும் புதன்கிழமை சொன்னேன்.

“தனியா வேண்டிக்கோடி.”

“நான் கல்லறை மாதிரிக்கா, வெளிய வராது.”

அந்த வெள்ளிக்கிழமை மாப்பிள்ளையின் அத்தையும் வந்திருந்தாள். விர்ஜினிதான் பாய் விரித்து உட்காரவைத்தாள். பிறகு கண்ணை மூடிக் கையை விரித்தாள்.

“ஆண்டவரே, இந்த அக்கா பொண்ணுக்கு மறுபடி வலிப்பு வராம காப்பாத்தும். மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியாம பாத்துக்கும்!”

எல்லோரும் “ஆமென்” என்றார்கள். பழக்கதோஷம், நானும் சொல்லித் தொலைத்தேன். கண்ணைத் திறந்தால் அத்தை செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள். சம்பந்தம் அதோடு முறிந்தது. மகள் அன்று சாப்பிடவே இல்லை.

“ஏண்டி, கல்லறைன்னியே, மூணாம் நாளே தொறந்துடுச்சே?”

“ஜெபம்தானக்கா பண்ணேன்! கோளா சொன்னேன்?”

அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு ஜெபிக்கும்படி இயேசு சொன்னது பெருமைக்காரர்களுக்கு என்றே நினைத்திருந்தேன். அடுத்தவள் மானத்தைக் காக்கவும்தான் அந்தக் கதவு என்று அன்று புரிந்தது. விர்ஜினிக்காக இன்றும் வேண்டுகிறேன். என்ன வேண்டுகிறேன் என்பதை ஆண்டவரைத் தவிர யாரிடமும் சொல்வதில்லை.