மச்சினன் வீட்டுப் பழைய கம்ப்யூட்டர்

மலையில் ஹோம்ஸ்டே நடத்துகிறவனுக்கு ஒரு கண் அடுப்பில் இருக்கும், இன்னொரு கண் பக்கத்து ஹோம்ஸ்டே வாசலில் எத்தனை கார் நிற்கிறது என்பதில் இருக்கும். இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களும் மனசாட்சியோடு சொல்லுங்கள், எதிர்க்கடைக் கூட்டத்தைப் பார்த்து வயிறு எரியாத ஆள் உங்களில் யார்?

நான் இருபது வருஷம் கொல்லிமலையில் ஜீப் ஓட்டியவன். மிளகும் வாழைத்தாரும் ஏற்றிக்கொண்டு எழுபது வளைவு இறங்குவேன், மளிகை ஏற்றிக்கொண்டு எழுபது வளைவு ஏறுவேன். இடுப்பு ஒத்துழைக்காமல் போனதும் மலைமேல் திண்ணனூர் நாடு என்கிற ஊர்ப்பகுதியில் எங்கள் வீட்டை ஒட்டி மூன்று அறை கட்டி ஹோம்ஸ்டே போட்டேன். பின்னால் பள்ளத்தாக்கு, பக்கத்தில் பலாமரம், காலையில் மேகம் ஜன்னல் வரை வரும். கூப்பிடு தூரத்தில் என் மனைவி செல்வியின் தம்பி ராசுவும் ஒரு ஹோம்ஸ்டே போட்டான். அவனிடம் பள்ளத்தாக்கும் இல்லை, மேகமும் இல்லை. ஒரு பழைய கம்ப்யூட்டர் இருந்தது.

எந்த ரூம்?

மலையில் வேலை பார்த்த ஒரு ஆபீசர் மாற்றலாகிப் போகும்போது ராசுவிடம் விட்டுப்போன கம்ப்யூட்டர் அது. தொப்பை வைத்த மானிட்டர், மஞ்சள் பாரித்த பெட்டி, பிளாப்பி செருகும் வாய். வருஷக்கணக்கில் மிளகு மூட்டைக்குப் பக்கத்தில் சாக்கு போர்த்திக் கிடந்தது. மழை நாளில் விருந்தாளிகளுக்குப் பொழுது போகட்டும் என்று ராசு அதைத் துடைத்து, ஸ்டெபிலைசரில் மாட்டிப் போட்டிருக்கிறான். சனியன், ஓடிவிட்டது. செங்கல் உடைக்கும் ஆட்டம், பாம்பு முட்டை தின்னும் ஆட்டம், மலை ரோட்டில் கார் ஓட்டும் ஆட்டம் எல்லாம் உள்ளே அப்படியே இருந்தன. யாரோ செல்போனில் படம் பிடித்துப் போட, நாற்பது தாண்டியவர்கள் எல்லாம் காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள்.

ஒரு சனிக்கிழமை சென்னையிலிருந்து நாலு பேர் என் வாசலில் இறங்கினார்கள். நான் ஓடிப்போய்ப் பையை வாங்கி, பள்ளத்தாக்கைக் காட்டி, மேகம் எத்தனை மணிக்கு வரும் என்பதுவரை சொன்னேன். அவர்களில் கண்ணாடி போட்டவர் பள்ளத்தாக்குக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கேட்டார்: “அதெல்லாம் சூப்பர் சார். அந்தப் பழைய கம்ப்யூட்டர் எந்த ரூம்ல இருக்கு?”

ஆறிப்போன குழம்பு

ராசு வீட்டில் இடமில்லாததால் நாலு பேரும் என்னிடமே தங்கினார்கள். தங்கினார்கள் என்பது பேச்சுக்குத்தான். பையை வைத்துவிட்டு அங்கே போனவர்கள், செல்வி அம்மியில் அரைத்து வைத்த நாட்டுக்கோழிக் குழம்பு ஆறி ஆடை கட்டிய பிறகுதான் திரும்பினார்கள். கண்ணாடிக்காரருக்குக் கண் கலங்கியிருந்தது. சின்ன வயதில் இதே கார் ஆட்டத்தை அவர் ஆடும்போது அப்பா பக்கத்தில் உட்கார்ந்து “பிரேக்கு, பிரேக்கு” என்று கத்துவாராம்.

எனக்கு ராசுவின் மேல் இருந்த எரிச்சல் போதாதென்று இப்போது இவர் மேலும் பொறாமை வந்தது. அந்த வயதில் நான் மரவள்ளிக் காட்டில் பன்றி விரட்டத் தகரம் தட்டிக்கொண்டிருந்தேன். என் அப்பாவும் பக்கத்தில் உட்கார்ந்து கத்தினார், ஆனால் நான் தூங்கிவிட்டதற்காக. நினைத்துக் கண் கலங்க எனக்கு ஒரு கம்ப்யூட்டர்கூட இல்லையே! அவரோ குழம்பை ஊற்றிக்கொண்டே வெகு அன்பாக விசாரித்தார்: “சின்ன வயசுல நீங்க என்ன கேம் சார் விளையாடினீங்க?”

சட்டென்று ஓடுகிற பெட்டி

மறுநாள் ராசு வீட்டில் ஓர் அறை காலியாக, நாலு பேரும் பையைத் தூக்கிக்கொண்டு அங்கே மாறிவிட்டார்கள். நான் செல்வி முன்னால் சபதம் போட்டேன்: “அந்தப் பொட்டி இருக்கற வரைக்கும் உன்ற தம்பி ஊட்டு வாசப்படிய நான் மிதிக்கமாட்டேன்.” செல்வி முகம் சுருங்கிவிட்டது. எங்கள் பாப்பாவுக்கு ஐந்து வயது, காது குத்த நாள் பார்த்துக்கொண்டிருந்தோம். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். அந்தத் தாய்மாமனை நான்தான் வெற்றிலை பாக்கோடு நேரில் போய் அழைக்க வேண்டும். “பாப்பா காது குத்தாமயே பெருசாகட்டுமுங்களா?” என்று மட்டும் கேட்டுவிட்டு அவள் சமையலறைக்குள் போனாள். மூன்று மாதம் ராசு எதிரே வந்தால் ரோட்டோரத்து மரத்தைப் பார்த்துக்கொண்டு நடந்தேன்.

நடுவில் நாமக்கல் போய் ஒரு கம்ப்யூட்டர் வாங்கி, குழந்தையைப்போல மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் எழுபது வளைவும் ஏறினேன். கடைக்காரப் பையன் அதே பழைய ஆட்டங்களை அதில் ஏற்றிக் கொடுத்திருந்தான். முதலில் உட்கார்ந்தவர் கோயம்புத்தூர்க்காரர். பட்டனைத் தட்டினார், கார் பறந்தது, ஐந்தே நிமிடத்தில் எழுந்துவிட்டார். என்ன குறை என்று கேட்டேன். “சட்டுனு ஓடிடுதுங்க. அந்தக் கம்ப்யூட்டர்ல டீ குடிச்சு முடிக்கற வரைக்கும் காத்திருக்கோணும், அதுலதானுங்க ருசியே!”

சந்தை நாள்

அப்படி என்னதான் ருசி என்று பார்த்துவிடுவது என்று முடிவு கட்டினேன். சந்தை நாளில் ராசுவும் அவன் மனைவியும் பலாப்பழம் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். விருந்தாளிகள் அருவிக்குப் போய்விட்டார்கள். நான் மிளகுக் கொடிகளுக்கு நடுவே புகுந்து பின்பக்கத்துப் பொடக்காளி வழியாக உள்ளே போனேன். வாசப்படியை மிதிக்கவில்லை, கவனியுங்கள்.

பட்டனை அழுத்தினேன். பெட்டி முனகியது, இருமியது, ஒரு டீ நேரம் யோசித்தது. பிறகு கார் வந்தது. எதிரே மலை ரோடு, ஒவ்வொரு வளைவிலும் மேலே ஏறி வரும் லாரி. மோதினால் ஆட்டம் முடிந்தது. பட்டணத்து ஆட்கள் இதில்தான் வேகமாகப் போய் இடித்திருக்கிறார்கள். இருபது வருஷத்துப் பழக்கம், ஏறுகிற வண்டிக்கு இறங்குகிறவன் வழிவிட வேண்டும் என்று என் கைக்குத் தெரியும். லாரியைப் பார்த்ததும் ஓரங்கட்டி நின்றேன். அது போனதும் எடுத்தேன். அதுவரை முதல் இடத்தில் இருந்தவர் தாண்டியது ஒன்பது வளைவு. நான் முப்பத்தெட்டு தாண்டினேன். நாற்பத்திரண்டு வயதில் தனியாக உட்கார்ந்து “போடு, போடு” என்று கத்தினேன். வெட்கமாக இல்லை, சந்தோஷமாக இருந்தது. திரை பெயர் கேட்டது. விருந்தாளிப் பதிவேட்டில் எழுதுகிற பழக்கத்தில் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தங்கவேல் என்று என் முழுப்பெயரை அடித்துவிட்டு, பெட்டியை அணைத்து, வந்த வழியே திரும்பினேன்.

முதல் இடம்

அந்த வாரக் கடைசியில் என்னிடம் தங்கிய கல்லூரிப் பையன்கள் ராசு வீட்டில் ஆடிவிட்டுச் சாப்பிட வந்தார்கள். “அண்ணே, அந்தக் கார் கேம்ல முதல் இடத்துல தங்கவேல்னு ஒருத்தர் இருக்காரு. கிட்டப் போக முடியல. இந்த ஊரு ஆளா?” என்றான் ஒருவன். ரசம் ஊற்றிக்கொண்டிருந்த செல்வியின் கரண்டி அப்படியே நின்றது. கோபப்படுவாள் என்று நினைத்தேன். அவள் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள்.

“வாசப்படிய மிதிக்கமாட்டேன்னீங்களே, பொடக்காளி வழியாப் போனீங்களாக்கும்?”

தாய்மாமன் மடி

மறுநாள் காலையில் செல்வி வெற்றிலை பாக்குத் தட்டைக் கையில் கொடுத்து, முன்வாசல் வழியாகப் போகச் சொன்னாள். போனேன். ராசு முகம்கூடக் கழுவாமல் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தான். பட்டியலில் அவன் பெயர் ஆறாவதாக இருந்தது. தட்டைப் பார்த்ததும் எழுந்து இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். “வராம எங்கீங்க போயிருவேன் மச்சான்” என்றான். குரல் கொஞ்சம் உடைந்தது. ஆனால் அவன் கண் தட்டில் இல்லை, திரையில் முதல் வரியில் இருந்தது.

காது குத்து அன்று பாப்பா அவன் மடியில் திமிறிக்கொண்டிருந்தாள். ஆசாரி கம்பியை எடுத்தார். சுற்றி நின்றவர்கள் எல்லாம் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். பாப்பா வீறிட்ட அந்த நேரம் பார்த்து ராசு என் பக்கம் சாய்ந்து காதோடு கேட்டான்: “ஏனுங்க மச்சான், எட்டாவது வளைவுல ஒரு லாரி வருதில்லீங்க, அதை எப்படித் தாண்டுனீங்க?”

நான் சொல்லவில்லை. விருந்தாளிகள் இன்னமும் அவன் வீட்டுக்குத்தான் போகிறார்கள், ஆனால் மூன்று மாதம் என் வீட்டில் தங்கியிருந்த பொறாமை மட்டும் அறையைக் காலி செய்துகொண்டு ராசு வீட்டுக்கே குடிபோய்விட்டது.